பாதிரியார் கண்டுபிடித்த காற்று எஞ்சின்!

குழந்தைகளே... வெயிலில் நிறுத்தி வைத்த சைக்கிளின் டியூப், 'டப்' என்று வெடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் அதைத் தொடவில்லை, முள்ளும் குத்தவில்லை. பின் எப்படி வெடித்தது?

உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று, வெயிலில் சூடானது. சூடானதும் விரியப் பார்த்தது. விரிய இடம் இல்லாததால், டியூபை எல்லாப் பக்கமும் முட்டித் தள்ளியது. எந்த இடம் நைந்து போயிருந்ததோ, அந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது!

ரப்பரையே கிழிக்கும் பலம் சூடான காற்றுக்கு இருக்கிறது என்றால், அந்தப் பலத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்ற முடியாதா? முடியும். 200 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டிய ஒருவரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் விஞ்ஞானி அல்ல, பேராசிரியரும் அல்ல. ஒரு சிற்றூரின் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்தவர். பெயர், ராபர்ட் ஸ்டர்லிங்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது எந்தப் புத்தகமும் இல்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவன்தான்!

தகர டப்பாவும் பலூனும்!

எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்க இருந்த நேரம். அந்த மாணவன் ஒரு பை நிறைய பழைய சாமான்களோடு வந்து நின்றான். காலியான பால் பவுடர் டப்பா, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, ஒரு பலூன், கீறல் விழுந்த இரண்டு 'சிடி' தட்டுகள், ஒரு மெழுகுவர்த்தி. இவற்றை வைத்து எஞ்சின் செய்யப் போவதாகச் சொன்னான். பெட்ரோல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மெழுகுவர்த்திச் சூடு போதும் என்றான்.

ஒரு வாரம் முயன்றான். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் இரண்டு சுற்று சுற்றும், நின்றுவிடும். கண்காட்சிக்கு மூன்று நாள்தான் பாக்கி. இது ஓடாது, பேசாமல் எரிமலை படம் வரைந்து ஒரு சார்ட் கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப் போனது. ஒன்றும் பேசாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், பாதிரியாரின் கதையைக் கேளுங்கள்.

பண்ணையில் பிறந்த பிள்ளை!

ஸ்காட்லாந்து நாட்டில், பெர்த்ஷயர் பகுதியில் மெத்வென் என்று ஓர் ஊர். அதன் அருகில் உள்ள ஒரு பண்ணையில், 1790ம் ஆண்டு அக்டோபர் 25ல் பிறந்தார் ராபர்ட் ஸ்டர்லிங். எட்டுக் குழந்தைகளில் இவர் மூன்றாவது.

விவசாயக் குடும்பம்தான்; ஆனால், இயந்திரம் என்றால் எல்லாருக்கும் உயிர். ராபர்ட்டின் தாத்தா மைக்கேல் ஸ்டர்லிங், 1750களிலேயே கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தவர். களத்தில் ஆள் வைத்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீரின் விசையால் சுழன்று தானியத்தைப் பிரித்தது அந்த இயந்திரம். அப்பாவுக்கும் விவசாயக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலும் மாற்றி அமைப்பதிலும் ஆர்வம் அதிகம். பட்டறைச் சத்தம் கேட்டே வளர்ந்த பிள்ளை, ராபர்ட்.

படிப்பிலும் கெட்டிக்காரர். 15 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். லத்தீன், கிரேக்கம், தர்க்கம், கணிதம் எல்லாம் கற்றார். பின், பாதிரியார் ஆவதற்காக இறையியல் படித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

1816ம் ஆண்டு செப்டம்பர் 19ல், கில்மார்னாக் என்ற ஊரின் தேவாலயத்தில் பாதிரியாராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு 26 வயது கூட நிறையவில்லை.

பொறுப்பேற்ற எட்டாவது நாள், செப்டம்பர் 27ம் தேதி என்ன செய்தார் தெரியுமா? தாம் கண்டுபிடித்த புதிய எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்!

பிரசங்கம் செய்ய வேண்டிய இளம் பாதிரியாருக்கு எஞ்சின் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீராவிக் காலம்!

அது நீராவி எஞ்சின்களின் காலம். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க, ஆலையில் தறி ஓட்ட, எல்லாவற்றுக்கும் நீராவிதான். ஆனால், அதில் இரண்டு பெரிய தொல்லைகள் இருந்தன.

முதல் தொல்லை, நிலக்கரி. ஒரு பெரிய கொதிகலன் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க, வண்டி வண்டியாக நிலக்கரி வேண்டும். அதில் பெரும் பகுதிச் சூடு, வேலை எதுவும் செய்யாமலே வெளியே போய்விடும்.

இரண்டாவது தொல்லை, ஆபத்து. அன்றைய இரும்பின் தரம் குறைவு. உள்ளே ஆவியின் அழுத்தம் கூடினால், கொதிகலன் வெடிக்கும். பக்கத்தில் வேலை செய்யும் தொழிலாளர்கள் வெந்து சாவார்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதால்தானே இவ்வளவு தொல்லை? தண்ணீரே இல்லாமல், வெறும் காற்றைச் சூடாக்கி எஞ்சினை ஓட்டினால் என்ன?

சூடான காற்றால் இயந்திரம் ஓட்டலாம் என்று ஸ்டர்லிங்குக்கு முன்பே சிலர் யோசித்தது உண்டு. ஆனால், நடைமுறை வேலைக்குப் பயன்படும்படி செய்து காட்டியவர் ஸ்டர்லிங்தான்.

அது எப்படி ஓடுகிறது?

குழந்தைகளே... இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புரிந்துவிட்டால், இந்த எஞ்சினை நீங்களே செய்துவிடலாம்.

நன்றாக மூடிய ஓர் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கம் நெருப்பு. மேல் பக்கம் குளிர்ச்சி. உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்று கீழே இருந்தால் சூடாகும், விரியும். மேலே போனால் குளிரும், சுருங்கும். விரியும்போது தள்ளும், சுருங்கும்போது இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் மாறி மாறி நடந்தால், சக்கரம் சுழலும்.

அப்படியானால், உள்ளே இருக்கும் காற்றைக் கீழும் மேலுமாக மாற்றி மாற்றி அனுப்ப ஓர் ஆள் வேண்டுமே! அதற்காக உருளைக்குள் தளர்வாக ஓர் அடைப்பானைத் தொங்கவிட்டார் ஸ்டர்லிங். அடைப்பான் மேலே போனால், காற்று பக்கவாட்டு இடைவெளி வழியாகக் கீழே இறங்கும், சூடாகும். அடைப்பான் கீழே வந்தால், காற்று மேலே ஏறும், குளிரும். இந்த அடைப்பானின் வேலை, காற்றை இடம் மாற்றுவது மட்டும்தான்.

விரியும் காற்றின் தள்ளலை வாங்கிக்கொள்வது, இன்னொரு பிஸ்டன். அது தன் உருளையில் காற்றுப் புகாதபடி இறுக்கமாகப் பொருந்தி இருக்கும். இரண்டும் ஒரே அச்சில் இணைக்கப்பட்டிருக்கும். ஆனால், ஒன்றுக்கு மற்றொன்று கால் சுற்று முந்தி நிற்கும். அதனால், பிஸ்டன் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் அடைப்பானை நகர்த்த, அடைப்பான் காற்றை இடம் மாற்ற, காற்று மறுபடி பிஸ்டனைத் தள்ள... நெருப்பு இருக்கும் வரை இது ஓடிக்கொண்டே இருக்கும்.

கவனித்தீர்களா? உள்ளே வெடிப்பு கிடையாது. புகை உள்ளே போவதில்லை. காற்று வெளியே வருவதில்லை. அதே காற்றுதான் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது.

சூட்டுக்கு ஒரு சைக்கிள் ஸ்டாண்ட்!

ஸ்டர்லிங்கின் உண்மையான புத்திசாலித்தனம் இனிமேல்தான் இருக்கிறது.

கீழே சூடான காற்று, மேலே குளிரப் போகிறது. அப்படிப் போகும்போது, தன்னிடம் உள்ள சூட்டை எல்லாம் குளிர்ந்த பக்கத்தில் கொட்டிவிடும். திரும்பக் கீழே வந்ததும், முதலில் இருந்து அதைச் சூடாக்க வேண்டும். எவ்வளவு நிலக்கரி வீண்!

பக்கத்து ஊருக்குப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? பஸ் நிறுத்தம் அருகே உள்ள ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறோம். திரும்பி வந்ததும் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். ஒவ்வொரு முறையும் புது சைக்கிளா வாங்குகிறோம்?

காற்றுக்கும் அப்படி ஓர் ஸ்டாண்டை வைத்தார் ஸ்டர்லிங். காற்று மேலும் கீழும் போகும் வழியில், மெல்லிய உலோகத் தகடுகளையும் கம்பிகளையும் அமைத்தார். சூடான காற்று மேலே போகும்போது, அந்த உலோகத்தில் தன் சூட்டை விட்டுச் செல்லும். குளிர்ந்து திரும்பும்போது, அங்கே காத்திருக்கும் சூட்டை மறுபடி எடுத்துக்கொள்ளும். நெருப்பு கொடுக்க வேண்டியது மீதிச் சூட்டை மட்டும்தான்!

இதற்கு அவர் வைத்த பெயர், 'சிக்கனக் கருவி' என்று பொருள் தரும். எரிபொருளை மிச்சப்படுத்துவதுதான் அவருடைய முதல் நோக்கம் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

வெப்பத்தைப் பற்றிய அறிவியல் விதிகளைப் பிரெஞ்சுக்காரரான கார்னோ எழுதி வெளியிட்டது, 1824ல். அதற்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன், பாடநூல் எதுவும் இல்லாத காலத்தில், இதைச் செய்துவிட்டார் இந்தப் பாதிரியார்.

குவாரியில் முதல் வேலை!

1818ல், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் இருந்த ஒரு கல் குவாரியில், தண்ணீர் இறைக்கும் வேலைக்கு ஸ்டர்லிங்கின் எஞ்சின் அமைக்கப்பட்டது. நன்றாகவே இறைத்தது. ஆனால், ஒரு நாள் நெருப்பு அளவுக்கு மீறிப் போக, உருளையின் அடிப்பாகம் பழுத்து நசுங்கிப் போனது. எஞ்சின் நின்றுவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டர்லிங்கின் திட்டம் தோற்கவில்லை, இரும்புதான் தோற்றது. கொதிகலனில் தண்ணீர் இருப்பதால், அடிப்பாகம் ஓரளவுக்கு மேல் சூடாகாது. இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை. உருளையின் அடி எப்போதும் நெருப்பில் பழுத்தபடி இருக்க வேண்டும். அந்தச் சூட்டை நீண்ட நாள் தாங்கும் உலோகம் அன்று இல்லை.

வேறு ஒருவராக இருந்தால், போதும் என்று பைபிளோடு உட்கார்ந்திருப்பார். ஸ்டர்லிங் இரண்டையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நேரங்களில் பட்டறை. கில்மார்னாக்கில் தாமஸ் மார்ட்டன் என்ற நண்பர் இருந்தார். தறிக்கான கருவிகளையும் தொலைநோக்கிகளையும் செய்பவர். அவருடைய பட்டறையில் ஸ்டர்லிங்குக்கும் இடம் கிடைத்தது. அங்கே கண்ணாடி வில்லைக் கருவிகள் செய்யவும் கற்றுக்கொண்டார்.

1819ல் ஜீன் ரான்கின் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். ஸ்காட்லாந்து திருச்சபையின் பாதிரியார்கள் திருமணம் செய்துகொள்வது வழக்கம். இவர்களுக்கு ஏழு குழந்தைகள்.

1824ல் பக்கத்து ஊரான கால்ஸ்டனுக்கு மாற்றலாகிப் போனார். நெசவாளர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் வாழ்ந்த ஊர் அது. அதன் பிறகு வேறு எந்த ஊருக்கும் அவர் போகவில்லை. அரை நூற்றாண்டு காலம் அந்த மக்களுக்கே பாதிரியாராக இருந்தார்.

அண்ணனும் தம்பியும்!

ராபர்ட்டுக்கு ஜேம்ஸ் என்று ஒரு தம்பி. அவர் எஞ்சினியர். அண்ணனின் எஞ்சினைப் பார்த்த தம்பி, நல்ல யோசனை ஒன்றைச் சொன்னார். உருளைக்குள் சாதாரணக் காற்றுக்குப் பதில், அழுத்தி அடைத்த காற்றை வைத்தால் என்ன? அதே இடத்தில் அதிகக் காற்று இருக்கும். அதிகப் பலமும் கிடைக்கும். எஞ்சினின் உடம்பையும் சிறிதாக்கலாம்.

இருவரும் சேர்ந்து, 1827லும் 1840லும் மேலும் இரண்டு காப்புரிமைகள் பெற்றனர். அந்த 1840ம் ஆண்டில்தான், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் ராபர்ட்டுக்கு இறையியலில் டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டம் பிரசங்கத்துக்கு, மனசு பட்டறையில்!

ஜேம்ஸ், டண்டீ என்ற நகரில் இருந்த இரும்பு வார்ப்பாலைக்கு மேலாளராக இருந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த நீராவி எஞ்சினை, 1843ல் காற்று எஞ்சினாக மாற்றினார். வார்ப்பாலையின் இயந்திரங்கள் அனைத்தையும் அந்த ஒரே எஞ்சின் ஓட்டியது. நிலக்கரிச் செலவும் குறைந்தது. இதைப் பற்றி 1845ல் லண்டனில், சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் பெருமையோடு விளக்கினார் ஜேம்ஸ்.

அண்ணன், தம்பியின் கனவு பலித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால், அதே 1845ம் ஆண்டின் கடைசியில், உருளையின் அடிப்பாகம் பழுதானது. மாற்றினர். 1846ல் மறுபடி பழுது. மாற்றினர். 1847ல் மூன்றாம் முறை! பொறுமை இழந்த ஆலை, காற்று எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவிக்கே திரும்பிவிட்டது.

ராபர்ட் ஸ்டர்லிங்குக்கு அப்போது 56 வயது. 30 ஆண்டு உழைப்பு. எங்கே தவறு என்பதும் தெரிகிறது. திருத்துவதற்கு வேண்டிய உலோகம்தான் உலகத்தில் இல்லை! இதைவிட வேதனை ஒரு கண்டுபிடிப்பாளருக்கு உண்டா?

தூசி படிந்த மாதிரி!

அதே 1847ல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தாம் செய்த சிறிய மாதிரி எஞ்சின்களை, எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்திருந்தார் ஸ்டர்லிங். கிளாஸ்கோவில் இருந்த மாதிரி, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்து, ஓடாமல் கிடந்தது. புதிதாக வந்த இளம் பேராசிரியர் ஒருவர் அதை எடுத்துச் சுத்தம் செய்து ஓட வைத்தார். வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று, அதைக் காட்டியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

அந்த இளைஞர் வில்லியம் தாம்சன். பின்னாளில், கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய விஞ்ஞானி. வெப்பநிலையை அளக்கும் 'கெல்வின்' என்ற அலகு, அவர் பெயரால் வந்ததுதான். அந்த மாதிரி எஞ்சினைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கின்றனர்.

இன்னொரு மகிழ்ச்சி, அவருடைய பிள்ளைகள். ஐந்து மகன்களில் ஒருவர் அப்பாவைப் போலப் பாதிரியார் ஆனார்; மற்ற நால்வரும் எஞ்சினியர்கள். மூத்த மகன் பேட்ரிக், புகழ் பெற்ற ரயில் எஞ்சின்களை வடிவமைத்தார். 1870ல் அவர் செய்த எஞ்சினின் பெரிய சக்கரம், எட்டு அடி உயரம்! உங்கள் அப்பா பக்கத்தில் நின்றாலும், அந்தச் சக்கரம்தான் உயரமாக இருக்கும். அந்த எஞ்சினும் பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

முதியவரின் நம்பிக்கை!

1856ல் பெஸ்ஸிமர் என்பவர், உறுதியான எஃகை மலிவாகத் தயாரிக்கும் முறையை அறிவித்தார். ஸ்டர்லிங் 40 ஆண்டுகளாகத் தேடிய உலோகம்! ஆனால், அப்போது அவருக்கு 65 வயது. புதிதாக ஆலை தேடி, எஞ்சின் அமைக்கும் வசதி இல்லை.

1876ல், 85 வயதில், அவர் ஒரு கடிதம் எழுதினார். தம் எஞ்சினில் இருந்த குறைக்கு இரும்பே காரணம் என்றும், பெஸ்ஸிமரின் எஃகு அப்போதே கிடைத்திருந்தால் அது வெற்றி பெற்றிருக்கும் என்றும் அதில் சொன்னார். பிற்காலத்தில் திறமையும் ஆசையும் உள்ள யாராவது ஒருவர், நல்ல சூழ்நிலையில் இந்த வேலையைத் திரும்பச் செய்து, முழு வெற்றி காண்பார் என்று நம்பிக்கையோடு எழுதினார்.

யார் மீதும் புகார் இல்லை, புலம்பலும் இல்லை. தாம் விட்ட இடத்தில் இருந்து இன்னொருவர் தொடங்குவார் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

1878ம் ஆண்டு ஜூன் 6ல், 87 வயதில், கால்ஸ்டனில் அவர் காலமானார்.

நம்பிக்கை பலித்தது!

அவர் நினைத்தது நடந்ததா? நடந்தது, குழந்தைகளே... கொஞ்சம் தாமதமாக!

மின்சாரம் பரவாத காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ஓடும் காற்று எஞ்சின் மின்விசிறிகள்... மன்னிக்கவும், மின்சாரமே இல்லாத விசிறிகள், நம் இந்தியாவிலும் பயன்பட்டன.

1930களில், நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம், மின்சாரம் இல்லாத இடங்களில் ரேடியோவை இயக்க ஒரு சத்தமில்லாத எஞ்சினைத் தேடியது. மூலையில் கிடந்த இந்தப் பழைய எஞ்சினைக் கையில் எடுத்தது. புதிய உலோகங்களைக் கொண்டு, அதை நவீனமாக்கியது. காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களை அடைத்து ஓட்டினர். காற்றே இல்லாதபோது காற்று எஞ்சின் என்று சொல்ல முடியுமா? அதனால், 1940களில் அங்கே பணியாற்றிய மேயர் என்ற எஞ்சினியர், அதைக் கண்டுபிடித்தவரின் பெயரையே வைத்து, 'ஸ்டர்லிங் எஞ்சின்' என்று அழைத்தார். அந்தப் பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. பாதிரியார் உயிரோடு இருந்தபோது கிடைக்காத பெருமை அது!

இந்த எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. சூடு கொடுத்தால் சக்கரம் சுழலும். சக்கரத்தை நாம் சுழற்றினால், ஒரு பக்கம் குளிர்ந்து போகும்! இந்த முறையில், காற்றையே திரவமாக்கும் அளவுக்குக் குளிரவைக்கும் இயந்திரங்களும் செய்யப்பட்டன.

சுவீடன் நாட்டின் காட்லாண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்களில், 1990களில் ஸ்டர்லிங் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. இவற்றின் உதவியால், வெளிக்காற்று வாங்க மேலே வராமல், சத்தம் இல்லாமல் பல நாட்கள் கடலுக்குள்ளேயே இருக்க முடிந்தது.

நம் சென்னையிலும், 1980களில், நெல் உமியை எரித்து ஓடும் ஐந்து குதிரைத்திறன் ஸ்டர்லிங் எஞ்சின்கள் தயாரிக்கப்பட்டன. எதை எரித்தாலும், சூடு வந்தால் போதும். இந்த எஞ்சின் ஓடும்!

மாணவன் தந்த பாடம்!

சரி... என் மாணவன் கதைக்கு வருவோம்.

வீட்டுக்குப் போனவன், டப்பாவைத் தூக்கி எறியவில்லை. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறான். பலூன் ரப்பரைச் சுற்றிக் கட்டிய இடத்தில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். நுரை குமிழ் விட்டது. காற்று கசிகிறது! நூலை அவிழ்த்துவிட்டு, இறுக்கமாகக் கட்டினான். அடுத்து, உள்ளே தொங்கும் கம்பி நார் உருண்டை, டப்பாவின் பக்கத்தில் உரசுவதைக் கண்டான். அதைச் சிறிது கத்தரித்து, தொடாமல் தொங்கும்படி செய்தான். ஸ்போக்ஸ் கம்பியில் இரண்டு வளைவுகளும் சரியாகக் கால் சுற்று விலகி இல்லை, அதையும் திருத்தினான். டப்பாவின் மேல் பக்கத்தைச் சுற்றி ஈரத் துணி வைத்தான்.

கண்காட்சி அன்று காலை, மேஜை மேல் டப்பாவை வைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றினான். சற்று நேரம் கழித்து, 'சிடி' தட்டை விரலால் மெல்லச் சுண்டினான். ஒரு சுற்று... இரண்டு சுற்று... நிற்கவில்லை! பலூன் உப்பியும் ஒடுங்கியும் மூச்சு விட, சக்கரம் பளபளவென்று சுழன்றுகொண்டே இருந்தது. பள்ளியே வந்து சுற்றி நின்று பார்த்தது. நானும் நின்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு! எல்லார் முன்னிலையிலும் அவன் முதுகைத் தட்டி, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த டப்பாவுக்குள் தொங்கியதே, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்... அது எதற்கு என்று யோசித்தீர்களா? காற்றை இடம் மாற்றும் அடைப்பான் அதுதான். அதோடு, காற்று விட்டுச் செல்லும் சூட்டைக் கம்பி இழைகளில் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். பாதிரியாரின் சிக்கனக் கருவி! ஸ்டர்லிங் 200 ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தது, உங்கள் அம்மாவின் பாத்திரம் கழுவும் இடத்திலேயே இருக்கிறது.

அவருடைய காலத்தில் ஓர் ஆலையை ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கான உலோகம் இல்லாமல் தோற்றார். உங்களுக்கு ஆலை ஓட்ட வேண்டாம். ஒரு 'சிடி' தட்டு சுழன்றால் போதும். அதற்கு ஒரு பழைய டப்பாவும் மெழுகுவர்த்திச் சூடும் போதுமே!

நீங்களும் செய்து பாருங்கள். ஆனால், மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. டப்பாவை வெட்டும்போதும், நெருப்பு ஏற்றும்போதும், பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும். மடக்கித் தட்டிய பிறகே தொட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கம் போகவே கூடாது, மெழுகுவர்த்தி மட்டும்தான்.

முதல் நாளே ஓடாது. இரண்டாம் நாளும் ஓடாமல் போகலாம். எங்கே கசிகிறது, எங்கே உரசுகிறது என்று பொறுமையாகத் தேடுங்கள். ஆசிரியரே ஓடாது என்று சொன்னாலும், ஒரு முறை சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்!

சக்கரம் சுழலத் தொடங்கியதும், கால்ஸ்டன் ஊரின் அந்த முதிய பாதிரியாரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யாராவது திரும்பச் செய்வார்கள் என்று அவர் காத்திருந்தாரே... அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம்!